ஆஸ்பிரேஷன் விண்டோ: நாள்பட்ட புழக்கத்தில் கண்டது

ஆஸ்பிரேஷன் விண்டோவை என் செஸ் எஞ்சினில் சேர்த்துச் சில வருஷங்கள் ஆகின்றன. நிலையின் மதிப்பு ஒரு குறுகிய வரம்புக்குள்தான் (விண்டோ) இருக்கும் என்று ஊகித்துத் தேடும் உத்தி இது. முந்தைய டெப்தின் (எத்தனை நகர்த்தல் ஆழம் தேடியது என்பது) மதிப்புக்கு மேலே 25 சென்டிபான் (சிப்பாயின் மதிப்பில் நூறில் ஒரு பங்கு), கீழே 25. அதைத் தாண்டினால் அகலத்தை இரட்டிப்பாக்கி மறுபடி தேடும். வேகம் கூடுகிறதா? கூடுகிறது, பிரமாதம் இல்லை. பிவிஎஸ் (முதல் நகர்த்தலை முழுசாகத் தேடி, மற்றவை அதைவிட மேலா என்று மட்டும் சோதிக்கும் தேடல் முறை) ஏற்கெனவே பெரும்பாலான நகர்த்தல்களைப் பூஜ்ய அகல விண்டோவில்தான் பார்க்கிறது, இது கொசுறு.

சங்கதியே மறுதேடலில்தான். ஒரு நிலையில் டெப்த் 14-இன் மதிப்பு +18. அடுத்ததற்கு விண்டோ -7 முதல் 43 வரை. வந்தது -31, ஃபெயில்-லோ, அதாவது விண்டோவுக்குக் கீழே விழுந்தது. மதிப்பு -31 என்று அர்த்தமில்லை, அதற்கு மேல் போகாது என்றுதான். விண்டோவுக்கு வெளியே வந்த எண்ணையும் அப்படியே தரும் ஃபெயில்-சாஃப்ட் முறை என்பதால் இவ்வளவாவது தெரிந்தது. எல்லையோடு நின்றுவிடும் ஃபெயில்-ஹார்ட் -7 என்று கைவிரித்திருக்கும். கீழ் எல்லையான அல்ஃபாவை -31-க்கு 50 கீழே, -81-க்கு இறக்கி, மேல் எல்லையான பீட்டாவை நடுவிலிருந்த 18-க்குக் கொண்டுவந்தபின் -46-இல் நின்றது.

ஃபெயில்-லோவில் கிடைக்கும் 'சிறந்த' நகர்த்தலை நான் நம்புவதில்லை. எல்லாவற்றுக்கும் மேல்வரம்பு மட்டும்தானே கையில் இருக்கிறது! பழைய நகர்த்தலையே முன்னால் வைத்து, கூடுதல் நேரம் கொடுக்கிறேன். ஃபெயில்-ஹை, அதாவது மதிப்பு மேல் எல்லையைத் தாண்டியது என்றால் நேரம் தீர்ந்தாலும் கவலையில்லை, புது நகர்த்தலைத் தைரியமாக ஆடலாம்.

ஃபெயில்-ஹை ஆனது மறுதேடலில் ஃபெயில்-லோ ஆகிற கூத்தும் உண்டு. நல் மூவ் வெட்டு (ஒரு முறை ஆடாமல் விட்டாலும் மதிப்பு பீட்டாவைத் தொட்டால் அந்தக் கிளையை விடுவது) பீட்டாவைப் பார்த்து நடப்பது; விண்டோ நகர்ந்தால் தேடல் மரமே வேறாகிவிடும். போதாததற்கு ஹாஷ் டேபிளில் (ஏற்கெனவே பார்த்த நிலைகளைக் குறித்துவைக்கும் அட்டவணை) முந்தைய தேடலின் வரம்புகள். இதை அடியோடு ஒழிக்கப் பார்ப்பது வெட்டிவேலை என்பது என் கட்சி. அகலம் 500-ஐத் தாண்டினால் முழுசாகத் திறந்துவிடுகிறேன், மேட் வரும் நிலைகளில் படிப்படியாக ஏறி நேரத்தைத் தின்னாது.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் செஸ் ஆடும் அண்ணன் ஒருவர், திரையில் மதிப்பு மேலும் கீழும் குதிப்பதைப் பார்த்து, "என்ன தம்பி, உன் கம்ப்யூட்டருக்கே நிச்சயமில்லையா?" என்றார். எஞ்சினும் திரை நிரலும் பேசிக்கொள்ளும் யுசிஐ நெறிமுறையில், முடிவான மதிப்பில்லை, கீழ்வரம்பு அல்லது மேல்வரம்பு மட்டும்தான் என்பதை லோயர்பவுண்ட், அப்பர்பவுண்ட் என்று குறித்து அனுப்ப வழி இருக்கிறது. இப்போது அந்தக் குறியோடுதான் அனுப்புகிறேன், அதுவும் தேடல் 3 விநாடி தாண்டிய பிறகு.

ஃபெயில்-ஹை தொடர்ந்து வந்தால் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் டெப்தை ஒவ்வொன்றாகக் குறைத்து மறுதேடல் செய்கிறது. அதை என் எஞ்சினில் போட்டு, ராத்திரியில் மினி பிசியில் ஆட விட்டிருக்கிறேன். மாற்றம் பலன் தருகிறதா என்று ஆட்ட முடிவுகளை வைத்துச் சொல்லும் எஸ்பிஆர்டி சோதனை இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.