பரணில் படுக்கையறை: ஸ்கைலைட்டா, டார்மரா?

எங்களுடையது சாய்வுக் கூரை போட்ட வீடு, இரண்டு படுக்கையறை. மூன்றாவது தேவைப்பட்டபோது கண் போனது தலைக்கு மேலே, பழைய பெட்டிகள் தூங்கிக்கொண்டிருந்த பரணுக்கு. அதை அறையாக்க எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. கூரையின் வடிவத்தைத் தொடாமல், ஓடுகளுக்கு நடுவே சாய்வாகவே ஸ்கைலைட் ஜன்னல்கள் பதிப்பது ஒன்று. கூரையின் ஒரு பக்கத்தை வெட்டி, நேர்ச்சுவர் எழுப்பி, மேலே தட்டைக் கூரை போட்டுப் பெட்டி மாதிரி வெளியே தள்ளுவது இன்னொன்று, அதுதான் டார்மர். நாங்கள் டார்மர் கட்டினோம், மூன்று மழைக்காலமாக அதில் வாழ்கிறோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் கடந்துவிடுவோம். ஸ்கைலைட் செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், வெளித்தோற்றம் மாறாததால் அனுமதிச் சிக்கலும் பெரும்பாலும் குறைவு. வெளிச்சமும் அதிகம்: அதே அளவு சுவர் ஜன்னலைவிட வானம் பார்த்த ஜன்னல் கூடுதலாக ஒளி தரும். கூடவே வெயிலும் இறங்கும். திரை போடுவதானால் கண்ணாடிக்கு வெளியே போடுங்கள். உள்ளே போட்டால் வெப்பம் அறைக்குள் வந்த பிறகுதான் திரையைத் தொடும்.

எது கட்டினாலும் தவிர்க்க முடியாத வேலைகளும் உண்டு. பரணின் அடிக்கட்டைகள் கீழ் அறையின் சீலிங்கைத் தாங்க மட்டுமே வைத்தவை. கட்டிலையும் மனிதர்களையும் தாங்கப் புதிய, ஆழமான கட்டைகள் வேண்டும். கூரை ஆலையில் செய்த முக்கோணச் சட்டங்களால் ஆனது என்றால், குறுக்கே போகும் ஒரு கட்டையைக்கூடப் பொறியாளரைக் கேட்காமல் அறுக்கக் கூடாது. அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, ஒன்றை எடுத்தால் பாரம் எங்கே போகும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். தீ விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஒன்று அலறினால் எல்லாம் அலறும்படி இணைத்த புகை அலாரங்கள், மேலறையிலிருந்து வாசல் வரை புகை புகாத பாதை, அந்தப் பாதையில் அரைமணி நேரமாவது தீயைத் தடுக்கும் கதவுகள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை, படிக்கட்டு.

எங்கள் பரணில் பழைய கட்டையின் மேலிருந்து முகடு வரை, அதாவது கூரையின் இரு சாய்வும் சேரும் உச்சி வரை, 8 அடி 4 அங்குலம். முதலில் பார்த்தபோது தாராளமாகத் தெரிந்தது. புதிய தளம் 5 அங்குலத்தை எடுத்துக்கொண்டது. கைமரங்களுக்கு (ஓடுகளைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளுக்கு) அடியில் வெப்பத்தடுப்புப் பலகையும் ஜிப்சம் போர்டும் சேர்ந்து இன்னொரு 5 அங்குலம். மிச்சம் ஏழரை அடி, அதுவும் முகட்டுக்கு நேர்க்கீழே மட்டும். எங்கள் கூரை 45 டிகிரி சாய்வு. முகட்டைவிட்டு ஓரடி விலகினால் உயரமும் ஓரடி இறங்கும். படிக்கட்டுக்கு மேலே தலை இடிக்காமல் இருக்க ஏறக்குறைய ஆறரை அடி வேண்டும். அந்த உயரம் கிடைப்பது முகட்டின் இரு பக்கமும் ஓரடி, ஆக மொத்தம் 2 அடி அகலத்தில் ஒரு சந்து. படி அங்கேதான் போய் முடிய வேண்டும்.

தரைத்தளத்திலிருந்து மாடிக்கு வரும் எங்கள் பழைய படிக்கட்டு முடிகிற இடமோ முகட்டிலிருந்து 4 அடி பின்னால் இருக்கிறது. அதற்கு நேர் மேலே புதிய படியை ஏற்றினால் உச்சிப் படியில் கிடைப்பது மூன்றரை அடி. தவழ்ந்துதான் போகலாம். ஸ்கைலைட் போட்டாலும் இந்த உயரம் ஓர் அங்குலம்கூடக் கூடாது, கூரை இருந்த இடத்திலேயேதானே இருக்கிறது!

ஸ்கைலைட் திட்டத்தில் இருந்த ஒரே வழி, கீழே உள்ள சின்னப் படுக்கையறைக்குள்ளிருந்து படியைக் கிளப்பி முகட்டுக்கடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அந்த அறை 8 அடிக்கு 10 அடி. படிக்கட்டு 3 அடி அகலமும் 10 அடி நீளமும் தின்றுவிடும், அதன் அடிக்குப் போக நடைபாதை வேறு. மீதியில் ஒரு கட்டில் போட முடியாது. வரைபடத்தில் இதைப் பார்த்த அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை செலவும் தூசியும் முடிந்த பிறகும் எங்கள் வீடு இரண்டு படுக்கையறை வீடாகவே இருந்திருக்கும்.

டார்மர் அந்த முடிச்சை அவிழ்த்தது. பின்பக்கச் சாய்வு போய், சுவர் வரை 7 அடி உயரத்தில் சாய்வில்லாத சீலிங் வந்ததால், பழைய படிக்கு மேலேயே புதிய படி ஏறியது. கீழே ஓர் அறையும் போகவில்லை. மேலே கட்டிலும் அலமாரியும் போட்டு நிமிர்ந்து நடக்கிறோம். கைமரங்களை வெட்டியதற்கு ஈடாக முகட்டின் கீழே இரும்பு உத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. செலவு ஏறியதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

மடக்கு ஏணி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சாமான் வைக்கப் போதும். நடு இரவில் புகைக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க நிலையான படி வேண்டும். விற்கும்போதும் ஏணி வைத்த பரணைப் படுக்கையறையாக எண்ண வாங்குபவர் தயங்குவார்.

டார்மருக்கும் குறை உண்டு. தட்டைக் கூரையில் தண்ணீர் தானாக வழியாது. 40 அடிக்கு ஓரடி வீதமாவது வாட்டம் வைக்க வேண்டும், தண்ணீர் வடியும் வாயில் சேரும் இலைகளை அள்ள வேண்டும். எங்களுடையது இதுவரை ஒழுகவில்லை. மூன்று மழைக்காலத்தை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு நான் உத்தரவாதம் பேச முடியாது. பழைய ஓட்டுக் கூரையும் டார்மர் சுவரும் சேரும் மூலையில் பதித்த தகடுகளை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் படி ஏற்கெனவே முகட்டுக்கு அடியில் முடிகிறதென்றால் ஸ்கைலைட்டே போடுங்கள், டார்மர் தேவையில்லை. கண்டுபிடிப்பது எளிது. படி முடியும் இடத்துக்கு நேர் மேலே, மின்கம்பி ஓடாத இடமாகப் பார்த்து, சீலிங்கில் சின்னத் துளை போட்டு ஒரு கம்பியை நுழையுங்கள். பரணில் ஏறி, கம்பி தெரிகிற இடத்தில் கட்டையிலிருந்து கைமரம் வரை அளந்து, அதில் 10 அங்குலம் கழியுங்கள். ஆறரை அடிக்குக் குறைந்தால் ஸ்கைலைட் விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன் படியை எங்கே வைப்பது என்று வரையச் சொல்லுங்கள்.