கிட் மிரர்: கிரானா, ஹூக்கா, கிட்டீயா?

கிட் ரெப்போக்களின் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியங்களின்) நகலை, அதாவது மிரரை, இன்னொரு சர்வரில் தானாகப் புதுப்பித்து வைக்க மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றும் வேலை செய்யும். சறுக்கும் இடம்தான் வேறு வேறு.

முதலில் கிரான், அதாவது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி. மிரர் சர்வரில் 'கிட் குளோன்' கட்டளையை மிரர் தெரிவோடு ஒரு தடவை ஓட்டினால் போதும். பிராஞ்ச், டேக் எல்லாம் மூலத்தில் உள்ளபடியே வந்துவிடும். அப்புறம் மணிக்கொரு முறை 'கிட் ரிமோட் அப்டேட்' ஓட கிரானில் ஒரே ஒரு வரி. எனக்கு இதில் பிடித்தது மூல சர்வரை அணுகத் தேவைப்படும் எஸ்எஸ்எச் சாவி விஷயம். மிரர்தான் போய் இழுத்துக்கொள்கிறது என்பதால், படிக்க மட்டும் அனுமதியுள்ள சாவி அதற்குப் போதும். அந்த சர்வருக்குள் யாராவது புகுந்தாலும் அந்தச் சாவியை வைத்து மூலத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

ஆனால் தோற்றால் சத்தமே வராது. கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடிய என் ஸ்கிரிப்ட், கிரானில் மூன்று வாரம் எதையுமே இழுக்கவில்லை. எஸ்எஸ்எச் சாவிக்குக் கடவுச்சொல் போட்டிருந்தேன். நான் லாகின் செய்திருக்கும்போது ஏஜென்ட் (திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் நிரல்) அதைத் திறந்து வைத்திருக்கும். கிரானுக்கு அந்த ஏஜென்ட் கண்ணில் படாது. இப்போது மிரருக்கென்று தனிச் சாவி, ஓட்டம் தோற்றால் மெயில்.

போஸ்ட்-ரிசீவ் ஹூக், அதாவது புஷ் (மாற்றங்களை அனுப்புதல்) வந்ததும் சர்வர் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட், இதற்கு நேர் எதிர். மூல சர்வருக்கு புஷ் வந்த கையோடு மிரருக்கும் போய்விடும். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் மூல சர்வரின் ஹூக் கோப்புறை உங்கள் கையில் இருக்க வேண்டும். கிட்ஹப்பில் அது கிடையாது. மிரர் மெதுவாக இருந்தால், ஹூக் முடியும்வரை புஷ் செய்தவரும் காத்திருக்க வேண்டும்.

கிட்டீ என்பது சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும், கிட்ஹப் போன்ற மென்பொருள். அதில் ரெப்போவை இறக்குமதி செய்யும்போதே மிரர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ரெப்போவைப் பிறகு இழுவை மிரராக மாற்ற முடியாது. இயல்பான இடைவெளி 8 மணி நேரம், அமைப்பை மாற்றாவிட்டால் 10 நிமிடத்துக்குக் கீழே குறைக்க விடாது. கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்பது திரையிலேயே தெரிவதால், கிரானைப் போல வாரக்கணக்கில் ஏமாற வேண்டியதில்லை. அதே வகையைச் சேர்ந்த கிட்லேபில் இழுவை மிரர் கட்டணத் திட்டத்தில்தான். தள்ளும் மிரர் இலவசம்.

என்னைக் கேட்டால், பத்துப் பதினைந்து ரெப்போவுக்குக் கிரான். குழுவில் மற்றவர்களும் நகலைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் கிட்டீ. உடனடி நகல் கட்டாயம் என்றால் மட்டுமே ஹூக்.

எதை எடுத்தாலும் மிரரை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். மூலத்தில் ஒருவர் ஃபோர்ஸ் புஷ் (பழைய வரலாற்றை மேலெழுதும் புஷ்) செய்தால் அந்தத் தவறும் அப்படியே நகலாகும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபின் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது ரெப்போக்கள் தப்பின. சுமார் ஆறு மணி நேரத்து இஷ்யூக்களும் கருத்துகளும் போயின. கிட் மிரருக்குள் அவை வருவதே இல்லை. எல்எஃப்எஸ் கோப்புகளும் (கிட் தனியாகச் சேமிக்கும் பெரிய கோப்புகள்) கிரான் வழியில் தானாக வராது, 'கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச்' தனியாக ஓட வேண்டும்.

அதனால் மிரர் இருக்கும் வட்டுக்குத் தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கிறேன். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் 'கிட் எல்எஸ்-ரிமோட்' ஓட்டி, வரும் பிராஞ்ச், டேக் பட்டியல்களை வரிக்கு வரி ஒப்பிட்டும் பார்க்கிறேன்.