டப்பா செட்டி கடை: கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருக்கும் டப்பா செட்டி கடையை, சென்னையில் நாட்டு மருந்து வாங்குகிறவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நூறு வருஷத்தைத் தாண்டிய கடை. சரக்கைத் தகர டப்பாக்களில் வைத்து விற்றதால் வந்த பெயர் என்பார்கள். தீபாவளி லேகியத்துக்கும் பிரசவ லேகியத்துக்கும் தலைமுறையாக இங்கேயே வாங்கும் குடும்பங்கள் உண்டு. மந்தைவெளிக்குக் குடிவந்ததிலிருந்து நாங்களும் இங்கேதான் வாங்குகிறோம். வீட்டில் நாலு வயதுப் பையனும் எட்டு மாதப் பெண்ணும் இருக்கிறார்கள். அந்த இரண்டு பேருக்காகப் பார்த்த சாமான்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எனக்குப் பிடித்த விஷயம். இங்கே சுக்கைச் சுக்காகவும் அதிமதுரத்தைக் குச்சியாகவும் வாங்கலாம். பொடியாக வாங்கினால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முழுசாக இருந்தால் கண்ணாலும் மூக்காலும் பார்த்தே வாங்கிவிடலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு.

அடுத்தது உரை மருந்து. பெண் பிறந்ததும் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து போனில் ஒரு பட்டியல் சொன்னார்: வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய். இவற்றைச் சோற்றுப் பானையில் வேகவைத்து, காயவைத்து, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் ரெண்டு இழை இழைத்துக் குழந்தை நாக்கில் தடவ வேண்டும். "உன் வீட்டுக்காரனையும் இப்படித்தான் வளர்த்தேன்" என்றார். அத்தை மேல் எனக்கு மரியாதை உண்டு. பிரசவத்துக்குப் பிறகு என்னைத் தேற்றியது அவர் கைப் பத்தியச் சாப்பாடுதான். ஆனால் உரை மருந்தை நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

காரணம் இதுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர குழந்தைக்கு எதுவும், தண்ணீர் கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. எங்கள் குழந்தை மருத்துவரும் அதையே சொன்னார். அதற்கு மேல் வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். ஆனால் அதில் அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பதை 1968லேயே தடை செய்துவிட்டார்கள். ஜாதிக்காய் கொடுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்பார்கள். அதிலிருக்கும் மிரிஸ்டிசின் அளவு மிஞ்சினால் மூளையை மந்தமாக்கும். அந்தத் தூக்கத்தைப் பசி தீர்ந்த தூக்கம் என்று நினைக்கக் கூடாது. கடுக்காய் வயிற்றை இளக்கும். ரெண்டு இழை என்பதும் ஓர் அளவு கிடையாது. அழுத்தி இழைக்கிற கைக்கு ஒரு கணக்கு, மெதுவாக இழைக்கிற கைக்கு ஒரு கணக்கு. மூன்று கிலோ உடம்புக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல.

வசம்பைக் கோத்துக் கையில் கட்டுவதையும் தவிர்த்தேன். எட்டு மாதத்தில் கையில் இருப்பதெல்லாம் வாய்க்குத்தானே போகும்? உரைகல் மட்டும் வீட்டில் இருக்கிறது. அத்தை வரும்போது தலைவலிக்குச் சுக்குப் பற்று இழைத்துக் கொடுக்கிறேன்.

மனசார வாங்கச் சொல்வது நலங்கு மாவுச் சாமான். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், வெட்டிவேர் எல்லாம் இங்கே ஒரே இடத்தில் வாங்கிவிடலாம். நான் பச்சைப் பயறை நிறையப் போட்டு மற்றவற்றைக் கொஞ்சமாகவே சேர்ப்பேன். கார்போகரிசியைச் சேர்க்கவே மாட்டேன். அதிலுள்ள சோரலென் தோலில் பட்டு வெயிலும் பட்டால் தோல் கன்றிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. முன்பு ஆன்லைனில் ஒரு டப்பா நலங்கு மாவு வாங்கிப் பார்த்தேன். திறந்ததுமே சென்ட் வாசனை தூக்கியது, பையன் முதுகெல்லாம் சிவந்துவிட்டது. அதோடு டப்பா மாவை நிறுத்தியாயிற்று.

மில்லில் அரைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு நம் மாவைப் போட விடாதீர்கள். காத்திருந்து, வேறு யாராவது அரிசியோ பயறோ அரைத்த பிறகு கொடுங்கள். நைஸாக அரைத்து, சல்லடையில் சலித்து, குளிக்கும்போது தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். உலர்ந்த பொடியைக் குழந்தை மேல் தூவினால் மூச்சில் ஏறும். கரப்பான் வந்து தோல் வெடித்திருக்கும் இடத்தில் தேய்க்க வேண்டாம், அங்கே தேங்காய் எண்ணெய் போதும்.

இருமலுக்கு வீட்டு வைத்தியம் பெரியவனுக்கு மட்டும்தான். கற்பூரவல்லிச் சாறு ரெண்டு சொட்டுத் தேனில், அல்லது அதிமதுரக் குச்சியைக் கொதிக்க வைத்த வெந்நீர். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேனைத் தொடவே கூடாது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் தேனும் இதில் சேர்த்திதான். தேனில் போட்யூலிசம் கிருமியின் விதைகள் இருக்கலாம். நம் வயிறு அவற்றைச் சமாளித்துவிடும், பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சாகிவிடும். கற்பூரத்தையும் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சின்னவள் நெஞ்சில் தேய்க்க மாட்டேன். ஒரு துண்டு வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம். பூஜைக் கற்பூரத்தை மேல் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

எந்தக் கஷாயத்துக்கும் முன்னால் மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். ரெண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, சித்தரத்தையெல்லாம் அப்புறம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஓமம் வாங்குங்கள். பெரியவனுக்கு வயிறு உப்பினால் ஓமத்தண்ணி கேட்கும். சாம்பிராணி வாங்கினால் பூஜை அறையோடு நிறுத்துங்கள். குளிப்பாட்டிய குழந்தையைப் புகையில் காட்டுவது பார்க்க அழகுதான், அந்தச் சின்ன நுரையீரலுக்கு அது வெறும் புகை. கண் மையும் வேண்டாம். எந்தக் கடை மையாக இருந்தாலும் அதில் ஈயம் இருக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது. திருஷ்டிக்குக் கன்னத்தில் பொட்டு வைத்தால்கூட விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொள்ளும் வயது இது.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பட்டியலைத் தமிழில், எடையோடு எழுதி எடுத்துப் போங்கள். பூலாங்கிழங்கு மாதிரிப் பெயர்கள் அந்த நேரத்தில் வாயில் வராது. தீபாவளிக்கு முந்தின வாரம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். திரும்பும் வழியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட்டும் வாங்கி வையுங்கள். பேதி ஆரம்பித்தால் மாசிக்காயைத் தேடாமல், பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் முழுசாகக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.