புளியமர நிழலும் சோலார் பேனலும்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிறவர்களுக்குத் தெரியும்: பல கோயில்களில் கரண்ட் எட்டிப் பார்த்திருக்காது, வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை. பழைய வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, சின்ன பிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்கியபோது அந்த வெயிலை நம்பித்தான் இறங்கினேன்.

தேவையை முதலில் கூட்டினேன். 12 வோல்ட் பிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு அரை யூனிட். இரவெல்லாம் ஓடும் இரண்டு 25 வாட் மின்விசிறிக்கு இன்னொரு அரை. விளக்கு, போன், சட்னிக்கு ஐந்து நிமிடம் மிக்சி என்று எல்லாம் சேர்ந்தும் ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டவில்லை. சமையல் கேஸில்தான், இண்டக்‌ஷன் அடுப்பு ஆசையை அன்றே விட்டுவிட்டேன்.

பேட்டரியில் எனக்குக் குழப்பமே இல்லை. 150 ஆம்பியர்-மணி டியூபுலர், அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் ஈய-அமில பேட்டரி, 50 கிலோவுக்கு மேல் கனக்கும். அதன் 1.8 யூனிட்டில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுள் குறையும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு வெளியேறும். தலைமாட்டில் அதை வைத்துக்கொண்டு யார் தூங்குவது? 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் 13 கிலோ அளவுதான். ஒரு யூனிட்டைத் தாராளமாக எடுக்கலாம். விலை கூடுதல்தான், இருந்தாலும் வண்டிக்கு அதுவே சரி. டியூபுலர் வீட்டு இன்வெர்ட்டரோடு இருக்கட்டும்.

தலைவலி பேனலில்தான். கூரையில் நிரந்தரமாகப் பதித்துவிட்டால் வேலை மிச்சம், திருட்டுப் பயமும் குறைவு. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரி கூட வடக்கே இல்லை என்பதால் பேனலைச் சாய்க்காமல் படுக்கவைத்தாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் நம் ஊரில் வெட்டவெளியில் வண்டியை நிறுத்த யார் விடுவார்கள்? "புளியமரம் இருக்கும்போது எங்களை வெயிலில் வறுத்தெடுக்கவா கூட்டிவந்தாய்?" என்று அம்மா கேட்டாள். மரத்தடிக்குப் போனேன். 400 வாட் பேனலில் 60 வாட் கூட வரவில்லை. செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒற்றைக் கிளையின் நிழல் விழுந்தாலே பேனலில் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும்.

கழற்றித் தரையில் வைக்கும் பேனல் இந்தச் சண்டையைத் தீர்க்கிறது: வண்டி நிழலில், பேனல் வெயிலில். பின்புறம் காற்றோட்டம் இருப்பதால் சூடும் குறைவு. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 0.4 சதவீதம் அளவுக்கு உற்பத்தி குறையும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. பத்து மீட்டர் வயர்தான் கவனிக்க வேண்டியது. இரண்டு 200 வாட் பேனலைத் தொடராக இணைத்து 40 வோல்ட்டாக்கினால் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இழப்பு மூன்று சதவீதத்துக்குள் அடங்கும். அதற்கு, கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். அப்படி மாற்றத் தெரியாத மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் அந்த 40 வோல்ட்டை இணைத்தால் பாதிக்கு மேல் வீண்.

குற்றாலச் சாரலில் இரண்டுமே கைவிடும். அங்கே எஞ்சின்தான் துணை. எஞ்சின் தரும் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்கு மேல் ஏற்றிவிடும். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேராக வயர் இழுக்காதீர்கள், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

எனவே என் பேனல்கள் ஓடும்போது கூரையில் போல்ட் போட்டும், நின்றதும் தரையிலும் இருக்கின்றன. ஆனி மாதம் பணகுடிப் பக்கம் ஒரு காற்று வந்து ஒன்றைக் குப்புறத் தள்ளியது. கண்ணாடி தப்பியது, சட்டம் வளைந்தது. அதன்பின் ஒவ்வொரு காலிலும் மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு கட்டுகிறேன்.