கண்புரையைத் தள்ளிப்போட எது உதவும்: கரட்டா, முருங்கை இலையா, குளிசையா?

கண்ணுக்கு நல்லது என்றதும் மட்டக்களப்புச் சந்தையில் கை முதலில் போவது கரட்டுக்குத்தான். வேலியோரம் சும்மா நிற்கிற முருங்கையை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்புரையைப் பொறுத்தவரை இலைதான் முன்னுக்கு நிற்கிறது.

காரணம் கண்வில்லையில் இருக்கிறது. வில்லைக்கு இரத்தக் குழாய் கிடையாது. அதன் நடுப்பகுதிப் புரதங்கள் பிறந்தது முதல் புதுப்பிக்கப்படாதவை. வெயிலும் சிகரெட் புகையும் இரத்தத்தில் ஏறிய சீனியும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்க, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு மங்குகின்றன. கரோட்டினொயிட்டுகள் எனப்படும் தாவர நிறமிகளில் வில்லைக்குள் போய்ச் சேர்வதாகக் கண்டறியப்பட்டவை லுட்டீன், சியாசாந்தின் இரண்டும்தான். கரட்டின் பீட்டா கரோட்டின் உடம்பில் விற்றமின் ஏ ஆகி மாலைக்கண்ணைத் தடுக்கும். அது பெரிய வேலை, ஆனால் வேறு வேலை. 100 கிராம் பச்சைக் கரட்டில் பீட்டா கரோட்டின் ஏறக்குறைய 8 மில்லிகிராம். லுட்டீனும் சியாசாந்தினும் சேர்ந்து கால் மில்லிகிராம்தான். அதே எடை ஸ்பினாச் கீரையில் இவை இரண்டும் 12 மில்லிகிராம் வரை உண்டு. முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி போன்ற கரும்பச்சை இலைகளிலும் லுட்டீன் தாராளம். மண்ணுக்கும் இலையின் முற்றலுக்கும் ஏற்ப அளவு கூடிக் குறையும்.

சமையலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லுட்டீன் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே முருங்கை இலையை அவித்து வடித்த தண்ணீரைக் குடிப்பதால் லுட்டீன் கிடைக்காது. ‘கொலஸ்ட்ரோல்’ பயத்தில் தேங்காயே போடாமல் அவித்த இலையிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறும். ஒரு வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தால் போதும். ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவில் அது வந்துவிடும். இலையை உருவிக் கழுவி, மெல்லிசாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கியபின் சட்டியில் போட்டு, மூன்று நான்கு நிமிடத்தில் இறக்குங்கள். தேங்காய்ப்பூவைக் கடைசியில் சேர்த்து ஒருமுறை பிரட்டினால் சரி, தேசிக்காய்ப்புளி அடுப்பை அணைத்த பிறகு. கறுக்கும்வரை அடுப்பில் கிடந்த சுண்டலில் நிறமியும் குறையும், விற்றமின் சியும் போய்விடும். வல்லாரைச் சம்பலைப் பச்சையாகச் செய்வதென்றால் இன்னும் பொடியாக அரிய வேண்டும். இலையின் கலங்கள் உடைந்தால்தான் நிறமி வெளியே வரும்.

முட்டைக்கும் சோளனுக்கும் இங்கே இடம் உண்டு. ஒரு முட்டை மஞ்சட்கருவில் லுட்டீனும் சியாசாந்தினும் சேர்ந்து ஏறக்குறைய கால் மில்லிகிராம்தான், ஆனால் கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால் நன்றாக உறிஞ்சப்படும். மஞ்சள் சோளன் சியாசாந்தின் தரும். கடும் மஞ்சட்கரு என்றால் சத்து அதிகம் என்று எண்ண வேண்டாம், பண்ணைத் தீவனத்தில் நிறமி சேர்ப்பதும் உண்டு.

இனிக் குளிசை. 1999இல் வெளியான அமெரிக்கத் தாதியர் ஆய்வில், உணவில் லுட்டீன் மிக அதிகம் எடுத்தவர்களுக்குப் புரைச் சத்திரசிகிச்சை 22 வீதம் குறைவாக இருந்தது. ஆனால் கீரை நிறையச் சாப்பிடுபவர்கள் மற்ற விடயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவர்களாக இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் குளிசை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். 2013இல் வெளியான ஏரெட்ஸ் 2 என்ற அமெரிக்கக் கண் ஆய்வில் தினம் 10 மில்லிகிராம் லுட்டீனும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் சத்திரசிகிச்சை குறையவில்லை. உணவில் இவற்றை மிகக் குறைவாக எடுத்த ஐந்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் குறைவு தெரிந்தது. தென்னிந்தியக் கிராமங்களில் பீட்டா கரோட்டின், விற்றமின் சி, விற்றமின் ஈ மூன்றையும் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் புரை மெதுவாகவில்லை. ஆகவே இலை சாப்பிடுகிறவர் பாமசியில் காசைக் கொட்டத் தேவையில்லை. பல்லில்லாமலோ வேறு நோயாலோ இலை சாப்பிட முடியாதவர் வைத்தியரிடம் கேட்டு யோசிக்கலாம், அதையும் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும்.

புகைப்பவரும் முன்பு புகைத்தவரும் குளிசையில் பீட்டா கரோட்டின் இல்லையென்று லேபிளைப் பார்த்தே வாங்க வேண்டும். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் குளிசை எடுத்த புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வு காட்டியது. கரட் சாப்பிடுவதில் அந்த ஆபத்து இல்லை.

சம்மாந்துறை வயலிலோ வாகரைக் கடலிலோ நாள் முழுக்க நிற்பவருக்கு இலை மட்டும் காவல் ஆகாது. அகல விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும். தண்ணீரும் மணலும் கீழிருந்தும் வெயிலைத் திருப்பி அடிக்கின்றன. சிகரெட்டை விடுவதும் சீனி வருத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் எந்தக் கீரையையும் விடப் பெரியவை.

ஏற்கனவே படர்ந்த புரையை உணவோ சொட்டு மருந்தோ கரைக்காது. இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறித் தெரிந்தாலோ கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறினாலோ கண் கிளினிக்குக்குப் போங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்பரின் குளிசை எடுப்பவர்கள் இலையின் அளவைத் திடீரெனக் கூட்டக் கூடாது. இலையிலுள்ள விற்றமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரக நோயாளிகளும் பொட்டாசியம் அளவைத் தங்கள் வைத்தியரிடம் கேட்டபின்பே கூட்ட வேண்டும்.