மலிவு ஸ்பேனரா, நல்ல ஸ்பேனரா? அடிக்கடி கையிலெடுக்கும் கருவிகளுக்கு ஓர் ஒப்பீடு

13 எம்எம் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் பட்ட காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்த 8 எம்எம் போல்ட்தான் (தண்டின் பருமன் 8, தலைக்கு 13 எம்எம் ஸ்பேனர்) என்னைப் படுத்தி எடுத்தது. தலையின் ஆறு முனைகளும் மழுங்கி உருண்டையாகிவிட்டதால் வேறு எந்த ஸ்பேனருக்கும் பிடி கிடைக்கவில்லை. தலையை அறுத்து, உள்ளே நின்ற தண்டை டிரில் போட்டு எடுத்து, கெட்டுப்போன மரையை மறுபடி வெட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. இத்தனைக்கும் ஸ்பேனர் உடையவில்லை. வாய் மட்டும் கண்ணுக்கே தெரியாத அளவு அகன்றிருந்தது. தள்ளுபடியில் பெட்டியோடு வாங்கியது அது.

அன்றிலிருந்து "இது எத்தனை நாள் உழைக்கும்?" என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். முதல் கேள்வி, இது கைவிடும்போது எதைக் கெடுக்கும் என்பது. தான் மட்டும் கெட்டுப்போகும் கருவி என்றால் மலிவில் வாங்கலாம், போனால் இன்னொன்று. செய்யும் வேலையைக் கெடுக்கும் என்றால் யோசிக்க வேண்டும். கையையோ கண்ணையோ கெடுக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், விலகிவிட வேண்டும்.

போட்டியில் இருப்பவை மூன்று. நூறு உருப்படிகளுக்கு மேல் அடுக்கி வரும் தள்ளுபடிப் பெட்டி ஒன்று. தேவைக்கு ஒவ்வொன்றாக வாங்கும் தரமான கருவி இரண்டாவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: யாரோ பல வருடம் பயன்படுத்திய பழைய, நல்ல கருவி. தரமான கருவியே விலை குறைந்து கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நான் பேசுவது விலையைக் குறைப்பதற்காகவே இரும்பிலும் வேலைப்பாட்டிலும் கைவைத்த சரக்கைப் பற்றி. "அடிக்கடி" என்று நான் சொல்வது வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது கையிலெடுப்பதை.

ஸ்பேனரில்தான் வித்தியாசம் அதிகம். மலிவு ஸ்பேனரிலும் "குரோம் வனேடியம்" என்று பொறித்திருப்பார்கள். அந்த எழுத்து எஃகின் வகையைத்தான் சொல்கிறது. அதைச் சரியாகக் காய்ச்சிப் பதப்படுத்தினார்களா, வாயின் அளவைத் துல்லியமாகக் கடைந்தார்களா என்பதைச் சொல்வதில்லை. பதம் குறைந்தால் அழுத்தத்தில் வாய் விரியும், மிஞ்சினால் நொறுங்கும். 13 எம்எம் வாய் சற்றே பெரிதாக இருந்தாலும் விசை முழுவதும் நட்டின் முனைகளில் விழுந்து அவற்றை வழித்துவிடும். பளபளப்பான முலாம் இதையெல்லாம் மறைக்கும்.

மலிவு ஸ்பேனர்தான் கையில் இருக்கிறது என்றால் திறந்த வாயை விட்டுவிட்டு வளையப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். திறந்த வாய் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கிறது. வளையம் ஆறு முனைகளையும் சுற்றிப் பிடிக்கிறது. நட்டின் மேல் தொப்பி போல் கவிழ்க்கும் சாக்கெட்டை வாங்கும்போதும் பன்னிரண்டு முனை உள்ளதைவிட ஆறு முனை உள்ளது துருப்பிடித்த நட்டுக்கு நல்லது. இந்த ஒரு தேர்விலேயே மலிவு சாக்கெட்டின் குறை பாதி அடங்கிவிடும். அடித்து அடித்து நட்டை முறுக்கும் இயந்திரமான இம்பாக்ட் கன்னில் மட்டும் பளபளக்கும் சாதாரண சாக்கெட்டை மாட்டவே கூடாது. அதற்கென்று குரோம் மாலிப்டினத்தில் கறுப்பாக, தடித்த சுவரோடு வருவதைத்தான் போட வேண்டும். சாதாரண சாக்கெட் அந்த அடியில் தெறித்துச் சிதறக்கூடும்.

சாக்கெட்டை மாட்டி, எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் ராட்செட் கைப்பிடியைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் மாறுபடும். 72 பல் இருந்தால் 5 டிகிரி நகர்ந்தாலே அடுத்த பல் விழும். 36 பல் என்றால் 10 டிகிரி வேண்டும். இன்று மலிவுப் பெட்டியிலேயே 72 பல் வருகிறது, இடுக்கான இடத்தில் அது உண்மையாகவே உதவுகிறது. ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொன்றும் சிறிதாகும், உள்ளே இருக்கும் சிறு கொக்கியின் மேல் பாரம் ஏறும். ஆகவே மலிவு ராட்செட்டை ஓட்டி இறக்க மட்டும் வைத்துக்கொண்டு, முதல் இளக்கலையும் கடைசி முறுக்கலையும் நீண்ட கைப்பிடியில் செய்தால் அது பல வருடம் வரும். அதற்குக் குழாய் மாட்டி ஏறி மிதித்தால் ஒரு நாளும் தாங்காது.

ஸ்க்ரூ டிரைவர் சிறிய பொருள். ஆனால் மலிவில் வாங்கி மனம் நொந்தவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான். ஸ்டார் முனை மழுங்கினால் திருகின் தலையையும் வழித்துக்கொண்டுதான் போகும். இதில் கருவியின் மேல் போடும் பழி எல்லாம் நியாயமில்லை. பிலிப்ஸ், போசிட்ரைவ், ஜப்பானிய வண்டிகளில் வரும் ஜேஐஎஸ் மூன்றும் ஒரே ஸ்டார் மாதிரி தெரியும், வடிவம் வேறு. போசிட்ரைவ் தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். அதில் பிலிப்ஸ் முனையை விட்டால் எவ்வளவு நல்ல டிரைவரும் வழுக்கும். நாற்பது முனைகள் கொண்ட மலிவு செட்டைவிட, இரண்டு மூன்று அளவில் நல்ல முனைகள் வைத்திருப்பவருக்குத் திருகு கெடுவது குறைவு. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் உருப்படிக் கணக்கில் பாதிக்கு மேல் இந்தச் சிறு முனைகள்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

டிரில் பிட் விஷயத்தில் தங்க நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த நிறம் டைட்டேனியம் நைட்ரைடு பூச்சிலிருந்து வரலாம், வெறும் சாயமாகவும் இருக்கலாம். உண்மையான பூச்சாக இருந்தாலும் ஒரு முறை சாணை பிடித்தால் நுனியில் அது போய்விடும். அடியில் இருக்கும் எஃகுதான் முக்கியம். எச்எஸ்எஸ் எனப்படும் ஹைஸ்பீடு ஸ்டீல் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை தன் கடினத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். சாதாரண கார்பன் எஃகு அதில் பாதிச் சூட்டிலேயே நீலம் பாய்ந்து இளகிவிடும். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மலிவு பிட் போதும். இரும்பில் வாரம் இரண்டு துளை போடுபவருக்கு நல்ல எச்எஸ்எஸ் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35, அல்லது 8 சதவீதம் கலந்த எம்42. இவற்றில் கோபால்ட் உடல் முழுக்க இருப்பதால் எத்தனை முறை சாணை பிடித்தாலும் குணம் மாறாது. 118 டிகிரி முனை வளைந்த பரப்பில் தொடங்கும்போது அலையும். 135 டிகிரி பிளவு முனை வைத்த இடத்தில் கடிக்கும்.

பேட்டரியில் ஓடும் டிரில்லில் கணக்கே வேறு. "20 வோல்ட்" என்று போட்டிருப்பதும் "18 வோல்ட்" என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் உள்ளே ஒரே ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18; முழுதாக ஏற்றிய நிலையைச் சொன்னால் சுமார் 20. மலிவு இயந்திரத்தின் மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே சுற்றும். முதலில் சாவது பேட்டரி. அடுத்த வருடம் அதே வடிவில் பேட்டரியோ, கார்பன் பிரஷ்ஷோ, சார்ஜரோ கிடைக்காவிட்டால் நல்ல மோட்டாரும் குப்பைக்குத்தான் போகும். வாங்கும் முன் பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காது என்றால் மாதம் ஒரு முறை பயன்படுத்துபவருக்கு மட்டுமே அது சரி. வாரம் மூன்று நாள் வேலை செய்பவர் நிலையான ஒரே பேட்டரி வகையில் தங்கிவிடுவது நல்லது. பக்கத்தில் மின்சாரம் இருக்கும் இடத்தில்தான் வேலை என்றால், வயர் உள்ள சாதாரண டிரில் குறைந்த செலவில் நீண்ட காலம் உழைக்கும்.

அடுத்தது, மலிவுக்கு இடமே இல்லாத பகுதி. மின்சார வேலைக்கான கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் அது மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரத்தில் வருவதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். 10,000 வோல்ட்டில் சோதித்து அனுப்பப்படுபவை அவை. மற்றவற்றில் உறை கைக்கு மெத்தை மட்டுமே. எப்படியிருந்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். மல்டிமீட்டரிலும் "கேட் 3, 600 வோல்ட்" என்பது போன்ற, எந்த மின் இணைப்புக்கு அது பாதுகாப்பானது என்று சொல்லும் வகைக்குறிப்பைப் பார்க்க வேண்டும். பத்து ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே வைக்காத மீட்டரை வீட்டு மின் இணைப்புக்குள் நுழைக்கக் கூடாது. பேட்டரிச் செல்லைப் பார்க்க மட்டும் என்றால் எதுவும் சரி.

ஆங்கிள் கிரைண்டரின் அறுக்கும் தட்டும் இப்படித்தான். 100 எம்எம் தட்டு நிமிடத்துக்கு 15,300 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டரில் போகிறது. அந்த வேகத்தில் உடையும் துண்டு முகத்துக்கு நேரே வரும். தட்டில் அச்சிட்ட சுற்று வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறையாமல் இருக்க வேண்டும், நடு வளையத்தில் பொறித்த காலாவதி தாண்டியிருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று இல்லாத தட்டை இலவசமாகக் கொடுத்தாலும் நான் மாட்ட மாட்டேன். இயந்திரம் மலிவாக இருந்தாலும் தட்டு நல்லதாக இருக்கட்டும்.

சுத்தியல், கிளாம்ப், தார்ப்பாய்க் கொக்கி, கடப்பாரை, பெயிண்ட் சுரண்டி, வாளி போன்றவற்றில் மலிவு தாராளமாகப் போதும். சுத்தியலில் தலை ஆடாமல் ஆப்பு இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளவு நாடாவில் வகுப்பு 2 என்று குறித்திருந்தால் 5 மீட்டரில் 1.3 எம்எம் வரைதான் பிசகும், தச்சு வேலைக்கே பெரும்பாலும் அது போதும். குறித்த அளவு விசையில் போல்ட்டை இறுக்கும் டார்க் ரெஞ்சில் 4 சதவீதத்துக்குள் பிழை என்று சோதனைச் சீட்டோடு வந்தால் வாங்கலாம். சீட்டு இல்லாததை இன்ஜின் போல்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பழைய கருவிக்குத்தான் என் மனம் சாய்கிறது. காய்ச்சி அடித்துச் செய்த நல்ல ஸ்பேனரில் மேல்துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷும் கொஞ்சம் எண்ணெயும் போதும். வாயின் உட்பக்கம் இரண்டும் இணையாக இருக்கிறதா என்று ஒரு புது நட்டைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். தண்டில் வெல்டிங் தழும்பு இருந்தால் விட்டுவிடுங்கள். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்பில் இடைவெளி தெரியக் கூடாது. உளியும் ரம்பமும் பழையதாக வாங்கினால் சாணையும் அரமும் பழகியிருக்க வேண்டும். இயந்திரங்களை மட்டும், வயரும் பேட்டரியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் பழையதாக வாங்க வேண்டாம்.

என் தள்ளுபடிப் பெட்டி இன்னும் இருக்கிறது. அதில் 8, 10, 13, 17 எம்எம் குழிகளில் இப்போது பழைய ஸ்பேனர்கள் கிடக்கின்றன, குழிக்குச் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு. அதிகம் கையிலெடுப்பவை அவைதான் என்பதால் அவற்றை மட்டும் மாற்றினேன். 6, 19, 22 எல்லாம் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன.