பை-ஹோலா, அட்கார்ட் ஹோமா, நெக்ஸ்ட் டிஎன்எஸ்ஸா?

மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: வீட்டுக் கருவிகள் எல்லாவற்றிலும் விளம்பரத்தைத் தடுப்பது. தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ்; தடுப்பு நடப்பது அங்கேதான். விளம்பர டொமைனின் (தளப் பெயரின்) முகவரியைக் கேட்கும் கருவிக்கு 0.0.0.0 என்ற வெற்று முகவரி பதிலாகப் போகும், இணைப்பே நடக்காது. யூடியூப் விளம்பரம் மட்டும் எதிலும் நிற்காது. வீடியோ வரும் அதே சர்வர்களிலிருந்துதான் அதுவும் வருகிறது.

முதன்முறையாக அமைப்பவருக்கு அட்கார்ட் ஹோம்தான் சரி. ஒரே ஃபைல்; ஓடவிட்டு, பிரவுசரில் 3000-ம் போர்ட்டைத் திறந்தால் அமைப்புப் பக்கம் வந்துவிடும். வெளியே போகும் டிஎன்எஸ் கேள்விகளை என்கிரிப்ட் செய்யும் (பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும்) வசதி உள்ளேயே இருக்கிறது. பை-ஹோலில் அதற்குத் தனி மென்பொருளைக் கூடவே ஓட்ட வேண்டும். ஆனால் குழந்தைகளின் டேப்லெட்டுக்குக் கடுமையான தடுப்புப் பட்டியல், அலுவலக லேப்டாப்புக்கு லேசான பட்டியல் என்று பிரித்துக் கொடுக்க பை-ஹோலின் குரூப் வசதிதான் கைகொடுக்கும். அட்கார்டில் பட்டியல்கள் எல்லோருக்கும் பொது. கருவிவாரியாக வேண்டுமென்றால் விதிகளைக் கையால் எழுத வேண்டும்.

உபுண்டு லினக்ஸில் பை-ஹோல், அட்கார்ட் இரண்டுமே முதலில் முட்டிக்கொள்ளும் இடம் டிஎன்எஸ் கேள்விகள் வந்து சேரும் 53-ம் போர்ட். உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும் அதன் ஸ்டப் லிசனரை நிறுத்தினால்தான் வழி கிடைக்கும்.

வீட்டில் எதையும் ஓட்ட விருப்பமில்லையா? நெக்ஸ்ட் டிஎன்எஸ் போதும். இலவசக் கணக்கில் மாதம் 3,00,000 கேள்விகள். அதைத் தாண்டினால் இணையம் நிற்காது, தடுப்பு மட்டும் நின்றுவிடும். மாதக் கடைசியில் திடீரென விளம்பரம் தலைகாட்டினால் இதைத்தான் முதலில் பாருங்கள். மொபைலை வெளியே கொண்டுபோனாலும் தடுப்பு கூடவே வரும் என்பது பெரிய வசதி. வீட்டின் கேள்விகள் அத்தனையும் வேறொருவர் சர்வருக்குப் போகின்றன என்பதுதான் அதற்கான விலை.

எதைத் தேர்ந்தாலும் பலர் கோட்டைவிடுவது ரவுட்டரில்தான். இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போடாதீர்கள். முதலாவது படுத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், விளம்பரம் பாதி வரும், பாதி வராது. மாற்று வேண்டுமென்றால் இன்னொரு பை-ஹோலையோ அட்கார்டையோ வையுங்கள். அதன் முகவரியை ரவுட்டரின் டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு அமைப்புகளை வழங்கும்) பகுதியில் கொடுங்கள்; வான் (WAN, வெளி இணைய இணைப்பு) பகுதியில் கொடுத்தால் எல்லாக் கேள்வியும் ரவுட்டர் பெயரிலேயே பதிவாகி, எந்தக் கருவி எதைக் கேட்டது என்றே தெரியாது. ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இயங்கினால் ரவுட்டர் தன் டிஎன்எஸ்ஸைத் தனியாக அறிவிக்கும். அதையும் மாற்றுங்கள், இல்லையேல் அணைத்துவிடுங்கள்.

சோதிக்க, லேப்டாப்பின் கமாண்ட் விண்டோவில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளை கொடுத்து, விளம்பர டொமைனான டபுள்க்ளிக் டாட் நெட்டைக் கேளுங்கள். 0.0.0.0 வந்தும் பிரவுசரில் விளம்பரம் தெரிந்தால், பிரவுசர் தன் சொந்த செக்யூர் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்துகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்வது பிரைவேட் டிஎன்எஸ்.